அக்காவின் லித்தியம் பேட்டரி

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பெயரைக் கேட்கிறவர்களிடம் எல்லாம் "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். கிளினிக் கவுண்டரிலும் அப்படித்தான். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்ட குருக்களிடம் ஒருமுறை, "எதுக்கு சாமி, உள்ள இருக்கறவருக்குத் தெரியாதா?" என்றார். வரிசையில் பின்னால் நின்ற நான் நெளிந்தேன். அவர் என் மனைவியின் உடன்பிறந்த அக்கா. கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்பார், நீங்க என்று மரியாதையாகப் பேசுவார், ஆனால் நம்பமாட்டார்.

என்னை மட்டும் என்றால் நான் இவ்வளவு தூரம் எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். அவர் எதையுமே நம்பமாட்டார். கைபேசி மழை வரும் என்று சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். கை நனையாது. அப்போதும் மழைச்சட்டையை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினால் அந்த மீனைத் தள்ளிவிட்டு, அவர் காட்டாத மீனை எடுப்பார். "காட்டறதை வாங்கக் கூடாது தம்பி. ஏன் காட்டறான்னு பாக்கணும்" என்பார். மீன்காரருக்கும் இது பழகிப்போய், நல்ல மீனைக் காட்டாமல் வைத்திருக்க ஆரம்பித்தார். அதையும் அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

பெண் பார்க்கப் போன அன்று மாப்பிள்ளையான என்னிடம் யாரும் அதிகம் பேசவில்லை. அக்கா மட்டும் எதிரே வந்து உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாலான் புசாரில் ஒரு சந்துக்குள் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தோம். "மெக்கானிக்குன்னாங்க, நகமெல்லாம் சுத்தமா இருக்கே?" என்றார். முந்தின நாள் முழுக்க எலுமிச்சையும் சலவைத்தூளும் போட்டுத் தேய்த்த கை அது. அதைச் சொன்னால் மானம் போய்விடும் என்று விரல்களை மடக்கிக்கொண்டேன். அடுத்த வாரம் அவர் கடைப் பக்கம் வந்து, எதிர்ச்சாரியில் நின்று, நான் நிஜமாகவே வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனதாகப் பிற்பாடு மனைவி சொன்னாள்.

அக்காவின் அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். தங்கையை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்தது எல்லாம் அக்காதான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "பாத்தேன் தம்பி. நாலஞ்சு பேரைப் பாத்தேன். எல்லாருக்கும் உள்ள ஒண்ணு இருந்துச்சு" என்றார். என்ன இருந்தது என்று சொல்லவில்லை. அவர் பார்த்த வேலை அப்படி. விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகள் எக்ஸ்ரே கருவிக்குள் போகும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. காலம் முழுக்க மூடிய பெட்டிகளின் உள்ளே பார்த்தவர். தீபாவளிக்கு நாங்கள் கொடுக்கும் பலகாரப் பெட்டியைக்கூடக் காதருகே வைத்து ஆட்டிவிட்டுத்தான் திறப்பார்.

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளினீர்கள் என்று கேட்பீர்கள். தள்ளினோம். ஏனென்றால் சில சமயம் அவர் சொல்வது சரியாகவே இருந்துவிடும். ஒருநாள் என் மனைவிக்கு வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் போன் செய்தான். பேச்சு தேன் மாதிரி இருந்ததாம். இவளும் கைபேசிக்கு வந்த ரகசிய எண்ணை வாசிக்கப் போனாள். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா போனைப் பிடுங்கி, "தம்பி, நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்று கேட்டார். அவன் வைத்துவிட்டான். "அது என்னக்கா கேள்வி?" என்று நான் சிரித்தேன். "கேட்டதும் நெசமான ஆளுக்குக் கோவம் வரும். பொய்யான ஆளுக்கு பயம் வரும்" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மதிப்பு லேசானதில்லை. என் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு காவல் இருக்கிறதே என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

காவல் எனக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது தெரியாது.

அக்கா தெம்பனிசில் ஓர் அறை கொண்ட வீட்டில் தனியாக இருந்தார். காலை ஷிப்டுக்கு முதல் ரயிலுக்கும் முன்னால் கிளம்ப வேண்டும் என்பதால் இளவயதிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, கடைசிவரை ஓட்டினார். வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வருவார். டயரை அழுத்துவார். குனிந்து அடியில் பார்ப்பார். ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்ப்பார். சிக்னலில் பச்சை விழுந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பின்னால் வரும் டாக்சிக்காரர்கள் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோவார்கள்.

அந்த வண்டியை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒருநாள் அவர் வந்தபோது வண்டியின் முன்னால் புதிதாக ஒரு கேமரா இருந்தது. இப்போதெல்லாம் எல்லாரும் வைத்துக்கொள்கிறார்கள், விபத்து என்றால் சாட்சி வேண்டுமே. எனக்கு அது பிரச்சினையில்லை. வேறு எவனிடமோ போய் வயரிங் செய்துகொண்டு வந்ததுதான் சுருக்கென்று தைத்தது.

"சொந்தத் தங்கச்சி வீட்டுக்காரன் மெக்கானிக்கா இருக்கேன். வெளிய போயிருக்கீங்களேக்கா."

"அதனாலதான் தம்பி. சொந்தக்காரங்க செஞ்ச வேலையைக் குறை சொல்ல முடியாது. இந்த வயர்ல மட்டும் நீங்க கை வெக்காதீங்க, அவன் வாரண்டி குடுத்திருக்கான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவியிடம் இரண்டு நாள் புலம்பினேன். அவள், "விடுங்க, அவளைத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் அக்காவின் வண்டி கிளம்ப மறுக்க ஆரம்பித்தது. காலை ஷிப்டு இல்லாத வாரங்களில், விடுமுறை நாளில் எங்கள் வீட்டுக்கு வருவார். நாங்கள் இருப்பதும் ஜாலான் புசார் பக்கத்து அடுக்குமாடியில்தான். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வானத்தைப் பார்த்து, "மழை வரும் போல இருக்கு, வண்டி இங்கயே கிடக்கட்டும், நான் ரயில்ல போயிடறேன்" என்பார். ஜாலான் புசாரில் ஏறினால் நேராகத் தெம்பனிசில் இறங்கலாம், அதனால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வண்டி எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே, லிஃப்டுக்கு எதிரே உள்ள மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் இரண்டு மூன்று நாள் நிற்கும். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செத்த வண்டி. கடைக்குத் தள்ளிக்கொண்டு வருவார். நான் சார்ஜ் ஏற்றித் தருவேன். மறுபடியும் அதே கதை நடக்கும். தோள்பட்டை வலி வேறு அவருக்கு. வண்டியைத் தள்ளிவிட்டு வந்து மூச்சு வாங்க நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில் கடைக்கு லித்தியம் பேட்டரி புதிதாக வந்திருந்தது. எனக்கு அதில் ஏகப் பெருமை. பழைய ஆசிட் பேட்டரி செங்கல் மாதிரி கனக்கும். இது ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவுதான் இருக்கும். வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவிடமும் நீட்டினேன்.

கையில் வாங்கினார். மேலும் கீழும் அசைத்தார். பிறகு காதருகே கொண்டுபோய் ஆட்டினார்.

"உள்ள ஏதாச்சும் இருக்கா?"

"இருக்குக்கா. லித்தியம்."

"எங்க வேலையில லித்தியம்னா பெட்டியை நிப்பாட்டி ஆளைக் கூப்பிடுவோம். நீங்க என்னை அது மேல உக்கார்ந்து போகச் சொல்றீங்க."

"அது போன்ல வர்ற வகைக்கா. இது வேற வகை. இது லேசுல பத்திக்காது."

"லேசுல பத்திக்காதுன்னா? கஷ்டப்பட்டா பத்திக்குமா?"

கடையில் காத்துக்கொண்டிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சிவந்தது. வீட்டுக்குள்ளே மின்ஸ்கூட்டரைச் சார்ஜ் போட்டுத் தீப்பிடித்த செய்தி வந்துகொண்டிருந்த காலம். அக்கா அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டு டார்ச் லைட் பேட்டரியைக்கூடக் கழற்றி வைத்திருந்தவர். நான் பொறுமையாக விளக்கினேன். இதன் உள்ளே ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது, அளவுக்குமேல் ஏறினாலும் இறங்கினாலும் தானே நின்றுவிடும் என்றேன். பழைய சார்ஜரை மாட்டக் கூடாது, மற்றபடி ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன்.

"சும்மா நிப்பாட்டி வெச்சா சார்ஜ் இறங்காதா?"

"இறங்காதுக்கா. மாசக்கணக்கா நின்னாலும் அப்படியே இருக்கும்."

"வண்டியை எடுக்காம, சும்மாவே நின்னாலும்?"

"அதைத்தானே சொல்றேன்."

அந்தக் கேள்வியை அவர் திரும்பவும் கேட்டபோது எனக்குள் ஒரு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. விற்பனை ஆகப்போகிற சந்தோஷத்தில் இருந்தேன். அக்கா கைப்பையிலிருந்து நகப்பூச்சு பாட்டிலை எடுத்து, பேட்டரியின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். "நீங்க போட்டது இதுதானான்னு அடுத்த தடவை எனக்குத் தெரியணும்லா" என்றார். ஊதி ஊதிக் காயவைத்தார். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்க, நான் பேட்டரியை மாட்டினேன். கேமரா வயரில் எந்த மாற்றமும் செய்யவில்லை. எதற்கு வம்பு என்று, அவர் கண் முன்னாலேயே இருந்த மாதிரி திரும்ப முறுக்கிவிட்டேன்.

பழைய பேட்டரி மூன்றாம் நாள் செத்தது என்றால் இது மறுநாளே செத்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் முள் அசையவில்லை. "எடை இல்லாதப்பவே நெனச்சேன்" என்றார் அக்கா. நான் சப்ளையரிடம் சண்டை போட்டு வேறு வாங்கி மாட்டினேன். அதுவும் போய்விட்டது. என் தொழிலே கேலிக்கூத்தாகிவிட்டது. கடையில் வேலை செய்கிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். முதலில் சப்ளையரைச் சந்தேகப்பட்டேன். பிறகு அக்கா சாவியைத் திருப்பியபடியே விட்டுவிட்டுப் போகிறாரோ என்று நினைத்தேன். நிறுத்துமிடத்தில் எவனாவது விளையாடுகிறானோ என்று மேலே தாழ்வாரத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். நாளாக நாளாக எனக்கே அக்காவின் குணம் வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா அப்போதுதான் வண்டியில் வந்து இறங்கி மேலே போயிருந்தார். மனைவி மீன் குழம்பு வைத்திருந்தாள். கடைக்குப் போய் ஒரு சாமான் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு மீட்டரோடு கீழே போனேன். அந்த வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சாவி வேண்டாம், ஒரு திருகாணிதான். பேட்டரிக்கும் வயருக்கும் இடையில் மீட்டரைக் கொடுத்தேன். சாவி அக்காவிடம் இருக்கிறது, எஞ்சின் அணைந்திருக்கிறது, ஆனாலும் எதுவோ மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கேமராவில் போய் நின்றது. தொட்டால் சூடாக இருந்தது. அதன் சின்ன விளக்கு வெளியே தெரியாதபடி கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

நிறுத்தி வைத்திருக்கும்போதும் படம் எடுக்கும் கேமரா. பழைய பேட்டரியாவது பெரியது, இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. நான் பெருமையாக மாட்டிய லித்தியத்தின் கொள்ளளவு சின்னது. சீக்கிரம் வற்றி, உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, செத்த மாதிரி படுத்துவிட்டது. பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. மீட்டரை முதல் நாளே இப்படி வைத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். வயரில் கை வைக்காதீர்கள் என்று அவர் சொன்னது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

கேமராவிலிருந்த மெமரி கார்டை எடுத்து, என் கைபேசியில் போட்டு, வண்டிக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து பார்த்தேன். எல்லாப் படத்திலும் எங்கள் லிஃப்ட். லிஃப்டுக்கு முன்னால் நான். காலையில் போகிறேன். சாயங்காலம் வருகிறேன். நாலாவது மாடிச் சீனப் பாட்டியோடு ஏதோ பேசுகிறேன். கைபேசியில் சிரித்துக்கொண்டே வருகிறேன். ஒன்றில் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது என் சட்டைக் கையை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்க்கிறேன். நான் தப்பு ஏதும் செய்யவில்லை. அந்தப் படங்களில் இருப்பவனும் தப்பு ஏதும் செய்யவில்லை. ஆனாலும் பார்க்கப் பார்க்க எவனோ ஒரு திருட்டுப்பயல் பதுங்கிப் பதுங்கி வந்து போவது போலவே இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை நிற்காது. பேட்டரியைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு மேலே போனேன். இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் பேட்டரியை வைத்தேன். கார்டை அதன்மேல் வைத்தேன்.

"என்னை வேவு பாக்கத்தான் வண்டியை இங்க விட்டுட்டுப் போனீங்களாக்கா?"

என் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா கையிலிருந்த சோற்றை வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"ஆமா தம்பி. நான்தான் வெச்சேன்."

"எதுக்கு? நான் என்ன பண்ணேன்?"

"என்ன பண்றீங்கன்னு தெரியாமத்தானே வெச்சேன்."

"இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதீங்க" என்று கத்தினேன். பதினோராவது மாடி. யாரும் படி ஏறி வருவதில்லை, ஆனால் அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. அக்கா தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். தங்கையைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேட்டரி இல்லாத வண்டி கீழேயே நின்றது.

அவர் வரவில்லை. நானும் வண்டியைத் தொடவில்லை. வாரக்கணக்கில் அங்கேயே நின்று தூசி படிந்தது, இருக்கையில் காய்ந்த இலைகள் விழுந்தன. தினமும் அதைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போவேன். கார்டு என்னிடம் இருந்தது, பேட்டரி எங்கள் அலமாரியில் இருந்தது. ஆனாலும் அந்தக் கேமராவுக்கு முன்னால் வந்தால் என் நடை மாறிவிடும். வீட்டில் பேச்சே இல்லை. மனைவி சமைத்தாள், வைத்தாள், போனாள். அக்காவின் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, அதைவிடத் தங்கையை அவரிடமிருந்து பிரித்துவிட்டோமே என்ற கஷ்டம் பெரிதாக இருந்தது. வளர்த்தவரை வெளியே அனுப்பியவன் நான். வெளியே போகும்படி நடந்துகொண்டவர் அவர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு காலையில் மனைவி துணிகளைக் கம்பில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அக்காவைத் திட்டாதீங்க. நான்தான் வெக்கச் சொன்னேன்."

எனக்குப் புரிய நேரமானது.

"நீங்க கொஞ்ச நாளா கடையிலயே குளிச்சிட்டு, பவுடர் போட்டு, சென்ட் அடிச்சிட்டு வர ஆரம்பிச்சீங்க. மெக்கானிக் வேலை முடிஞ்சு வாசமா வீட்டுக்கு வந்தா யாருக்குத்தான் தோணாது?"

"நீதானேடி கிரீஸ் நாத்தம், பக்கத்துல படுக்க முடியலன்ன?"

"கையைக் கழுவிட்டு வாங்கன்னு சொன்னேன். சென்ட் போடச் சொல்லல."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குப் பிடிக்கும் என்று தேடித் தேடி வாங்கிய பாட்டில் அது. இருபது வருஷம் கூடவே இருந்தவள் இப்படி நினைத்திருக்கிறாளே. "அப்ப அன்னிக்கு ஏன் வாயைத் திறக்கல?" என்றேன். "அவ என்னைப் பாத்து, பேசாதன்னு கண்ணைக் காட்டினா. நானும் பயந்துட்டேன்" என்றாள். அப்போதும் திரும்பவில்லை. ஒரே சட்டையை மூன்று தடவை உதறி மாட்டினாள்.

அன்றைக்கே பேட்டரியை எடுத்துப் போய்க் கடையில் உயிர் கொடுத்து, கேமரா வயரைப் பிடுங்கிவிட்டு, மனைவியிடம் அக்கா கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியைப் போட்டு, அவர் வண்டியைத் தெம்பனிசுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கதவைத் தட்டினேன். மரக்கதவு மட்டும் திறந்தது, இரும்புக் கேட் திறக்கவில்லை.

"நான்தான்க்கா."

"தெரியுது. கூட யாரு?"

"யாரும் இல்ல. எல்லாத்தையும் சொல்லிட்டா. உங்களைத் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

கேட்டுக்குள்ளே நின்றபடியே என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னால் தாழ்வாரத்தையும் பார்த்தார்.

"என்ன சொன்னா?"

"அவதான் கேமரா வெக்கச் சொன்னாளாம்."

"பொய்" என்றார் அக்கா. சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தார். "உள்ள வாங்க. கோப்பி போடறேன்."

கோப்பியைக் கலக்கிக்கொண்டே பேசினார். "என்னை வெளிய போன்னு சொல்லிட்டீங்க. நான் திரும்ப அங்க வரணும்லா? அதுக்கு என்ன பண்றது? பழியைத் தன் மேல போட்டுக்கிட்டா. அவளை நீங்க வெளிய போன்னு சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். சின்னப் புள்ளையிலேயே அப்படித்தான். நான் கண்ணாடியை உடைச்சா அவ போய் அடி வாங்குவா."

"அப்ப நெசமா நீங்கதானா?"

"மெக்கானிக் வேலை முடிஞ்சு வாசமா வீட்டுக்கு வந்தா யாருக்குத்தான் தோணாது?"

காலையில் கேட்ட அதே வார்த்தை, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஒருத்தி சொல்லி இன்னொருத்தி கேட்டிருக்கிறாள். யார் முதலில் சொன்னது? "அவமேல சத்தியமா சொல்லுங்கக்கா, என்னை சந்தேகப்பட்டது நீங்களா?" என்றேன்.

"நான் யாரைத் தம்பி சந்தேகப்படல?" என்று சொல்லிவிட்டுக் கோப்பியை என் முன்னால் வைத்தார்.

அதன் பிறகு அக்கா முன்போலவே வந்தார் போனார். கேமரா இல்லை. பேட்டரி ஒருநாளும் சாகவில்லை, அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவும் இல்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் சிரிப்புச் சத்தம் திரும்ப வந்தது. ஆனால் சமையலறையில் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனால் பேச்சு நிற்கும். முன்பும் நின்றிருக்கலாம், நான் கவனித்ததில்லை. மனைவி என் தட்டில் ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தால் எதற்கு என்று யோசிக்கிறவனாக ஆகிவிட்டேன். சந்தேகப்பட்டது அக்கா என்றால் என் குடும்பத்தில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அவர் குணம் அது. அவள் என்றால் நான் அறியாத ஒரு பெண்ணோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன். எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு நுரையீரலில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் தாதியர் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து விவரம் கேட்பார். பக்கத்துக் கட்டில் மலாய் அம்மாளின் மாத்திரைக்கும் சேர்த்து விசாரிப்பார். ஒரு மத்தியானம் மனைவி சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். அப்போது நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"இப்பவாச்சும் சொல்லுங்கக்கா. நீங்களா, அவளா?"

திரையில் எதையோ தேடுவது போல என் முகத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். தெரிஞ்சா போதும்."

"ஒண்ணும் பண்ணமாட்டேன்னு சொல்றவங்களைத்தான் தம்பி நான் நம்பறதில்ல" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தெம்பனிஸ் வீட்டைக் காலி செய்ய நாங்கள் இருவர் மட்டும் போனோம். அவள் அக்காவின் புடவைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இனிமேல் பதில் தெரிந்த ஆள் இவள் ஒருத்திதான்.

"அந்தக் கேமரா விஷயம். உண்மையா யாரு?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபப்படவில்லை.

"யாருன்னு சொன்னா நம்புவீங்க?"

யோசித்துப் பார்த்தேன். அக்கா என்று சொன்னால், செத்தவர்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிறாள் என்று நினைப்பேன். நான்தான் என்று சொன்னால், அக்காவுக்காகச் சொல்கிறாள் என்று நினைப்பேன். அவள் அடுத்த புடவையை எடுத்து, ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன்.